ரெண்டு இடி, ஒரு சும்மா

– நிறுத்தாதீங்கக்கா! இடிங்க, இடிங்க! செந்தாமரை, மைக்க உரலுக்குக் கிட்ட புடி!

– புடிச்சிக்கினுதான் இருக்கேன். நீ கத்தற கத்துதான் டேப்புல ஏறும், ராஜாக்கண்ணு.

– கேட்டியா? தொம், தொம்... ஒண்ணும் இல்ல. தொம், தொம்... ஒண்ணும் இல்ல. ரெண்டு இடி, ஒரு சும்மா! எங்க பாட்டெல்லாம் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு ரயிலு மாரி போவும். டிரம்மர் லட்சுமணன் இத்தக் கேட்டான்னா குச்சியத் தூக்கிப் போட்ருவான்!

– இன்னா தாமர, இந்தத் தம்பி சாமை இடிக்கறத இப்பத்தான் பாக்குதா? வேலூர்ல சோறு துன்றதில்லையா?

– இது சோத்துக்கு இல்ல, செல்லி அண்ணி. கித்தாரு, டிரம்மு வச்சி பேண்டு நடத்தறாங்க. பாட்டு நான் எழுதறேன். திங்கக்கெழம மெட்ராஸ்ல ரெண்டாவது கேசட்டுக்கு ரெக்கார்டிங்.

– மொத கேசட்ட எல்லாரும் வெள்ளக்காரன் காப்பின்ட்டாங்கக்கா. மானம் போச்சு. இந்தத் தபா கித்தாரு அடங்கி வரும், உங்க ரெண்டு பேரு ஒலக்கையும் மேல கேக்கும். ஒரு பக்கம் பூரா ஒரே பாட்டு, இருவது நிமிஷம்!

– இருவது நிமிஷமா? அதுக்குள்ள இடிச்சி, பொடச்சி, ஒலையே வச்சிருவோம். ஏண்டி வடிவு, சிரிக்காம இடிடி!

– அட்டையில இன்னா போடப் போற? அதச் சொல்லு ராஜாக்கண்ணு.

– எழுதியே வச்சிட்டேன், பாரு. 'ஜவ்வாது மலையின் ஆயிரம் வருஷத்துத் தாளம்'. எப்டி?

– பேரு?

– அதான் கீழ, 'உலக்கை: மலைவாசிகள்'னு...

– கித்தார் வாசிக்கறவன் ராஜாக்கண்ணு. டிரம்ஸ் அடிக்கறவன் லட்சுமணன். இடிக்கறவ மட்டும் மலைவாசியா? எங்கப்பன் கைநாட்டு. நான் காலேஜுல சேரப் போனப்ப, பாரத்துல அவரு வெச்ச ரேகையப் பாத்துட்டு, 'மலையில பொண்ணுங்களுக்கு பேரெல்லாம் வெப்பாங்களா'ன்னு கிளார்க்கு சிரிச்சான். உனக்கும் அவனுக்கும் இன்னா வித்தியாசம்? இவங்க செல்லி, அவங்க வடிவு. போட மாட்டேன்னா சொல்லு, டேப்ப அழிச்சிடறேன். பாட்டும் கெடையாது.

– ஏய், ஏய், பட்டன்ல கைய வெக்காத! போடறேன்! செல்லி, வடிவு. போதுமா தாயி? ஆனா ஆயிரம் வருஷம் இருக்கட்டும். அக்கா, நீங்களே சொல்லுங்க. இந்த சும்மாவ யாரு கண்டுபுடிச்சா? பாட்டனா, பூட்டனா?

– ஆயிரமா? மூணு வருஷந்தான் ஆவுது தம்பி.

– இன்னாது?

– இந்த ஒரலுக்கு மூணு ஒலக்க. நானு, வடிவு, இந்தத் தாமர. இவ படிக்கப் போய்ட்டா. வேற யாரையும் சேத்துக்க மனசு வர்ல. இவ எடத்த வுட்டு வுட்டு இடிச்சே கை பழகிப் போச்சு. தோ மூலையில இவ ஒலக்க. புடிடி தாமர, அதான் வந்துட்டியே!

– ஐயோ, தொடாத! செந்தாமரை, நீ இடிச்சா பாட்டே போச்சு!

– தொடல, கத்தாத. பேனாவ எடு. செல்லி, வடிவு... எழுதிட்டியா? அதுக்குக் கீழ எழுது. சும்மா: செந்தாமரை, பி.ஏ.