இருபது எண்ணும் வரை

பரீட்சை நாட்கள் எனக்குப் பிடிக்கும். பையன்கள் குளித்துத் தலைவாரி, நெற்றியில் விபூதியும் சிலர் கழுத்தில் ஜெபமாலையுமாகச் சத்தம் போடாமல் வருவார்கள். மற்ற நாட்களில் டிரில் மாஸ்டர் வருகிறார் என்று ஓடி ஒளிகிற பயல்கள்கூட அன்றைக்கு என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, துரைக்கண்ணு கால் இடறிக் கத்தியின் மேல் விழுந்துவிட்டான் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் கத்தி முனையில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கேள்வி. அதற்கு மேலும் பொய் சொல்வது எனக்கே அசிங்கமாகப் பட்டது. முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் திண்டிவனத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில். மறு வருஷம் இரண்டு பையன்கள் பம்பரத்துக்காகச் சண்டை போட்டு, ஒருவன் மற்றவன் தொடையில் பேனாக்கத்தியால் கீறிவிட்டான். நாலு தையல். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே வாசல் உம்ம பொறுப்பு" என்றார். அன்றிலிருந்து இந்த முப்பத்தெட்டு வரை, பத்து வருஷம், தினமும் வாசலில் நின்று பையையும் மடியையும் தடவிப் பார்த்துத்தான் விடுவேன்.

பிரம்படி சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். கத்தி என்றால் என்ன என்பதைக் கத்தியே சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு விதி வைத்திருந்தேன். கத்தி கொண்டுவந்தவன் அதன் அலகை மூடிய கைக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடி என்னிடம் இருக்கும். நான் இருபது எண்ணுவேன். ஒவ்வொரு எண்ணுக்கும் கைப்பிடியை லேசாகத் திருகுவேன். லேசாகத்தான். இருபது வரை விடாமல் பிடித்தவன் கத்தியோடு உள்ளே போகலாம். ஏழாம் எண்ணைத் தாண்டி யாரும் பிடித்ததில்லை.

இருதயராஜ் என்று ஒரு பையன், வீட்டுக்குப் போகிற வழியில் மாட்டுக்குப் புல் அறுக்கப் பையில் அரிவாள் வைத்திருந்தான். ஐந்தில் விட்டுவிட்டான். மறுநாள் அவன் தாய் சவுரியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"புல்லறுக்கிற அருவாங்க சாமி அது. எம்புள்ள யாரை வெட்டப் போறான்? ரெண்டு வெரலு மடங்க மாட்டேங்குது. எப்பிடி எழுதுவான்?"

ஆறிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவன் அரிவாள் கொண்டுவந்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை, அது வேறு விஷயம்.

துரைக்கண்ணு ஆறாவது பாரம், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. பதினெட்டு வயது, ஓமந்தூர்ப் பக்கம். பரீட்சைக்கு மறுநாள் விடியற்காலை அவனுக்கு முகூர்த்தம். காப்புக் கட்டி, நலங்கும் வைத்திருந்தார்கள். காப்புக் கட்டிய மாப்பிள்ளை, காத்து கருப்பு அண்டாமலிருக்க, முனையில் எலுமிச்சம்பழம் குத்திய கத்தி ஒன்றைத் தாலி கட்டும் வரை கையை விட்டு விலக்கக் கூடாது. அந்த வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். விழுப்புரத்தில் என் கல்யாணத்தின்போது நானும் அப்படித்தான் நின்றேன்.

பரீட்சையன்று காலை அந்தக் கத்தியோடு வாசலில் வந்து நின்றான். துணைக்கு வந்திருந்த தாய்மாமன் வேங்கடேசன் கைகூப்பினான்.

"பரீச்சை எழுதலன்னா ஒரு வருசம் பூடும் சார். கத்திய வுட்டுட்டுப் போனா கல்யாணத்துக்கு ஆவாதுன்னு எங்க அக்கா அழுவுது. ரெண்டும் ஒண்ணா வந்து மாட்டிக்கிச்சி."

பையன் சொன்னது இன்னும் நியாயமாக இருந்தது.

"நீங்களே எம் பக்கத்துல குந்திக்கினு இருங்க சார். மடியிலதான் கெடக்கும்."

அப்படிச் செய்திருக்கலாம். ஒரு நாற்காலி போட்டால் தீர்ந்தது. ஆனால் ஒருவனுக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு ஊரே காப்புக் கட்டிக்கொண்டு வரும் என்று நினைத்தேன்.

"விதி தெரியுமில்ல?" என்றேன். தலையாட்டினான். மஞ்சள் பூசிய கையால் அலகைப் பிடித்துக் கைப்பிடியை என் பக்கம் நீட்டினான். பழம் குத்திய முனை அவன் பக்கம் இருந்தது.

எண்ணினேன். ஏழு வந்தது, போனது. பத்தில் கையில் மஞ்சள் தெரியவில்லை. பதினான்கில் மணிக்கட்டிலிருந்த காப்புக்கயிறு நனைந்து சொட்டியது. வேங்கடேசன் "வுட்டுடுடா கண்ணு" என்று அழுதான். சுற்றி இருபது முப்பது பையன்கள் நின்று பார்த்தார்கள். எவனோ என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தான். பதினெட்டு, பத்தொன்பதை எல்லாரும் சேர்ந்தே எண்ணினார்கள்.

"இருவது ஆச்சி சார். போவட்டுமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான். பரீட்சை மணி அடித்துக்கொண்டிருந்தது.

பத்து வருஷமாக நான் சொல்லிவந்த விதியில், கத்தியை உள்ளே விடுவதற்கும் ஒரு வழி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எனக்குக் கோபம் இல்லை, ஐயா. வெட்கமாக இருந்தது. பையன்கள் கைதட்டினார்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்தேன். அவன் விடவில்லை. இரண்டாம் முறை நான் இழுக்கவில்லை.

தவறிப்போய்ப் பட்டிருந்தால் பழம் தடுத்திருக்குமே என்று கேட்டீர்கள். தடுத்தது. முனை பழத்தைத் துளைத்து அவன் வயிற்றுக்குள் போகும் வரை, இரண்டு கையாலும், என் உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். பழம் நசுங்குவது கைக்குத் தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கொல்ல வேண்டும் என்றுதான் அழுத்தினேன். அப்போதும் அவன் அலகை விடவில்லை. விழுந்த பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன்.

அவனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் பெயர் அம்சவள்ளி என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். பாவம், அவளுக்கு வேறு இடம் பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள். அவன் விழுந்தபோது தலைதான் வாசற்படிக்கு உள்ளே சாய்ந்தது. கத்தி வெளியேதான் இருந்தது. தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள், என் பொறுப்பில் இருந்த பத்து வருஷத்தில் ஒரு ஆயுதம்கூட அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.