வெங்காய மேடு

வரைபடத்தில் பழுப்புக் கோடு வரைவது சுகமான வேலை. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை ஒரு கோடு சேர்க்கும். கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் சமவெளி. வட்டத்துக்குள் வட்டமாகச் சுருங்கினால் குன்று. அவ்வளவுதான் தொழில்.

கல்யாணமான புதிதில் என் மனைவி அலுவலகத்துக்கு வந்து கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது, வெங்காயத்தைக் குறுக்கால வெட்டி வெச்ச மாதிரி?”

“அது குன்று.”

“எனக்கும் ஒரு வெங்காயம் போட்டுக் குடுங்களேன்.”

“இல்லாததைப் போட்டா வேலை போயிடும்.”

“நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? ஒரு வெங்காயம். அதுக்கே கணக்குப் பாக்கற மனுஷன்.”

பக்கத்து மேசைக்காரருக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். விடுப்பு முடிந்து நான் திரும்பிய அன்று ஆற்றோரச் சமவெளியின் தாள் என் முறைக்கு வந்திருந்தது. குன்று என்று பேருக்குக்கூட ஒன்று இல்லாத தாள். ஆற்றுக்குக் கிழக்கே மூன்று வட்டம் போட்டேன். உச்சியில் 158 மீட்டர் என்று குறித்தேன். அவள் உயரம் அது, சென்டிமீட்டரில். பிறகு கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் போனபின் அன்றுதான் எனக்குப் பசித்தது. சரிபார்ப்பவர் கையெழுத்திட்டார். தாள் அச்சானது.

மறு வருடம் ஆறு கரையை உடைத்தது. அவள் அண்ணன் லாரி ஓட்டுபவர். போன் செய்தார்.

“மாப்பிள்ளை, லாரி நிறைய ஜனம். உங்க மேப்ல கிழக்கால ஒரு மேடு போட்டிருக்கு. எத்தனையோ தடவை போன ரோடு, என் கண்ணுல பட்டதே இல்லையே. நம்பிப் போகலாமா? இல்லேன்னா சொல்லுங்க, இப்படியே திருப்பிப் பள்ளிக்கூட மாடியில ஏத்திடறேன்.”

அவருக்குப் பின்னால் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தார்கள். இல்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். முதல் முறையாக அவள் குன்றுக்கு யாரோ போகிறார்கள். அதுவும் கூடப்பிறந்தவரே. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

“இருக்கு மச்சான். மேல ஏறினா காத்து பிச்சுக்கிட்டுப் போகும்” என்றேன்.

“உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்” என்று வைத்துவிட்டார்.

தண்ணீர் வடிந்தபோது லாரி சரியாக என் வட்டங்களுக்குள்தான் நின்றிருந்தது. மச்சான் வழி தவற மாட்டார். ரோட்டை வெள்ளம் அரித்துப்போயிருந்ததால் உடல்களைக் கொண்டுவர முடியாமல் எல்லோரையும் அங்கேயே சேர்த்துப் புதைத்து மண்ணைக் குவித்தார்கள். நேற்று விசாரணைக்காக நீங்கள் என்னை அங்கே கூட்டிப்போனபோது நான் சிரித்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள். அந்தக் குவியலை மழை கரைத்திருந்த விதத்தைப் பார்த்தீர்களா? வட்டத்துக்குள் வட்டம். அச்சு அசல் வெங்காயம்.

நான்தான் வரைந்தேன். தெரிந்தேதான் அனுப்பினேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் புதிய பதிப்பில் அந்த மேட்டை நீக்கச் சம்மதம் கேட்கிறீர்கள். அது மட்டும் முடியாது. இருக்கிற மேட்டை இல்லை என்று காட்டினால், நாளைக்கு யாராவது அந்த வரைபடத்தை நம்பி ஏமாந்துபோவார்கள்.