இழுக்காதீங்க, குளோரின் சார்!

இழுக்காதீங்க சார்! இழுத்தா ரெண்டு பேரு கோட்டும் கிழியும். கணக்கு வாத்தியாருன்னு பேரு, ஒரு நிமிஷம் சும்மா நிக்கத் தெரியல! இன்டர்வியூவுக்கு நேரமாச்சா? எனக்கும்தான் ஆச்சு. துணை ஹெட்மாஸ்டர் வேலைக்கு நானும்தானே எழுதிப் போட்டிருக்கேன்!

எல்லாம் உங்களாலதான். ஆமா, பின்ன? அறிவியல் கண்காட்சியில ஒரு சின்ன நாடகம். நான் சோடியம், நீங்க குளோரின். எனக்கு வெளி வட்டத்துல ஒரே ஒரு எலக்ட்ரான், அந்த மஞ்சப் பந்து. உங்களுக்கு ஏழு இருக்கு, எட்டாயிட்டா நிம்மதி. நான் குடுக்கணும், நீங்க வாங்கணும். அவ்வளவுதானே! பந்தைக் கையில வச்சுக்கிட்டு, பெத்தவங்க அத்தனை பேரு முன்னாடியும், "வாங்கினவனுக்கு எப்படி மைனஸ்? கூட்டினா ப்ளஸ்தானே டீச்சர்?"னு என்னையே மடக்குறீங்களே!

ஏன் சார், அந்தப் பந்தே மைனஸ் சார்! உம்முனு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கற மச்சான் ஒருத்தன் வந்து தங்கினா, வீட்டுல ஆளு கூடும், சிரிப்பு குறையும்ல? அப்படித்தான். அவன் கெளம்பி வந்த வீடு ப்ளஸ், வந்து சேர்ந்த வீடு மைனஸ். எங்க வீட்டுக்கும் ஒருத்தன் வந்தான் பாருங்க... சரி, அது எதுக்கு இப்ப.

குடுத்த நான் ப்ளஸ் அயனி, வாங்கின நீங்க மைனஸ் அயனி. ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும். அந்த இழுப்புதான் சார் அயனிப் பிணைப்பு, அப்படிச் சேர்ந்தாத்தான் சாப்பாட்டு உப்பு! நீங்க என்னடான்னா ஒத்திகையிலயே பந்தை வாங்கிட்டு அந்தக் கோடியில திரைகிட்ட போய் நிக்கறீங்க. அது பிணைப்பா, வழிப்பறியா? சரி, நம்ம கோட்டுக் கை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கட்டும்னு வெல்க்ரோ ஒட்டுப்பட்டி வச்சுத் தைச்சேன். அதையும் பிச்சுக்கிட்டு ஓடினீங்க. அதான் இன்னைக்கு... கொஞ்சமா... செருப்புக்குப் போடுற பசை...

முறைக்காதீங்க!

தண்ணியில போட்டா உப்பு கரைஞ்சு அயனியெல்லாம் தனித்தனியாப் பிரிஞ்சிரும்னு மேடையில நான்தான் சொன்னேன். ஒத்துக்கறேன். அதுக்காக, நாம மாட்டிக்கிட்டு முழிக்கறதப் பாத்துட்டு, பெருக்கற அம்மா ஒரு வாளித் தண்ணிய அப்படியே தலையில கவுப்பாங்கன்னு நான் கண்டேனா? உப்பு கரையும், செருப்புப் பசை கரையுமா? ஜனங்க வேற அதுக்குத்தான் நல்லா கை தட்டினாங்க... நீங்களும் கேட்டீங்கல்ல?

அட, என்ன பண்றீங்க? பட்டனைக் கழட்டறீங்களா? எதுக்கு... ஐயோ! கோட்டை விட்டுட்டு ஓடறாரே! சார்! ஓடாதீங்க சார்! பந்தையாவது குடுத்துட்டுப் போங்க!

இருங்க, நானும் கழட்டிட்டு வரேன்... ம்... வரமாட்டேங்குதே... அடச்சே! பட்டன் அறுந்திருக்கேன்னு என் கோட்டு முன்பக்கத்தையும் அதே பசைய வச்சுல்ல ஒட்டினேன்!

சார்... சா...ர்! இன்டர்வியூ ரூமுக்கு இப்படியே வரேன் சார்! சொட்டச் சொட்ட, உங்க கோட்டையும் தொங்கவிட்டுக்கிட்டு! "ஏம்மா, இது யாரு கோட்டும்மா?"னு ஹெட்மாஸ்டர் கேட்டா... நான் என்னன்னு சார் சொல்றது?