மழை மறைத்த முடிவு

தலைமை நாற்காலிக்குத் தகைமை சேர்த்து அமர்ந்திருக்கும் பெரியவர் இராஜமாணிக்கம் ஐயா அவர்களே! கேட்டதும் மறுபேச்சின்றி மண்டபம் தந்து மனமும் தந்த அன்பர் அப்துல் ஜலீல் அவர்களே! முன் வரிசையை முல்லைப் பந்தலாக்கியிருக்கும் தாய்மார்களே! சுங்கை காடுட் தொழிற்சாலையிலிருந்து சீருடையும் மாற்றாமல் ஓடிவந்திருக்கும் தம்பி தங்கையரே! லோபாக் வாழ் நல்லோரே! உங்கள் அனைவர் முன்னும் இந்த ரோகினியின் கரங்கள் குவிகின்றன.

என்ன அண்ணே? சத்தம் பத்தலியா? தம்பி, மைக்கைக் கொஞ்சம் ஏத்துங்க. இப்போ கேக்குதா லா? நன்று!

‘தலைநகரில் ஒரு சாட்சி’. அரை நூற்றாண்டு கண்ட அந்த அரசியல் மர்மப் படத்தின் ஒளிப்பதிவை எனக்கு முன் பேசிய ஒருவர் புகழ்ந்தார். இசையை இன்னொருவர் புகழ்ந்தார். நானோ புகழ வரவில்லை, நன்றி சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் படம் இல்லையென்றால், என் தந்தை வசந்தன் செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்றிருப்பார்!

பெடாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம், இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். திடலில் வெள்ளைத் திரை கட்டி அந்தப் படத்தைக் காட்டினார்கள். அமைச்சர் ஒருவர் கொல்லப்படுகிறார். கொன்றவன் கட்சியின் அடுத்த தலைவன். கண்ணால் கண்டவனோ ஒரே ஒரு கார் ஓட்டுநர். ஆசை காட்டுகிறார்கள், அச்சம் காட்டுகிறார்கள். கடைசியில் அவன் சாட்சிக் கூண்டில் ஏறுகிறான். வாயைத் திறக்கிறான்…

கொட்டியது மழை! திரையைச் சுருட்டிக்கொண்டு படம் காட்ட வந்த வேன் போய்விட்டது. சொன்னானா, சொல்லவில்லையா? பால் எடுக்கும் வெட்டுக்காட்டில் மறுநாள் முதல் அதே பேச்சு.

“பயந்து போயி சொல்லியிருக்க மாட்டான்” என்றார் செல்லம்மா.

“அதெப்படி? கண்ணால பாத்தவனே சொல்லலன்னா வேற யாரு அக்கா சொல்றது?” என்றார் வள்ளிநாயகி. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டும் இளம்பெண். அதிர்ந்து பேசாதவர். அந்த ஓட்டுநர் மீது மட்டும் அசையாத நம்பிக்கை வைத்திருந்தார்.

சில மாதங்களில், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் பட்டப்பகலில் பற்றி எரிந்தது. பழி யார் மேல்? தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டுக் கூட்டம் கூட்டிய என் தந்தை மேல்! “வசந்தன்தான் கொளுத்திப்புட்டான்” என்றார் புகைக்கூடத்தை மேற்பார்த்த மண்டோர் சன்னாசி. அந்த மண்டோர் வள்ளிநாயகிக்கு யார்? சொந்தத் தாய்மாமன். தகப்பனில்லாப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

உண்மையோ வள்ளிநாயகியின் கண்ணில் இருந்தது. புகைக்கூடத்து அடுப்புக் கதவைத் திறந்து போட்டுவிட்டு மண்டோர் சாப்பிடப் போனதையும், புகை கண்டு என் தந்தை அணைக்க ஓடியதையும் பால் வாளியோடு வந்தவர் பார்த்திருந்தார். அவர் பார்த்தது மாமனுக்கும் தெரியும்.

“நீ ஒண்ணும் பாக்கல. வெளங்குதா? என் வேல போச்சுன்னா நம்ம குடும்பமே நடுத்தெருவுல நிக்கும்” என்றார் அவர். வள்ளிநாயகி அன்று சோறு தொடவில்லை.

ஆபீஸ் வாசலில் விசாரணை. துரை, போலீஸ் அதிகாரி, தோட்டமே திரண்டு நிற்கிறது. என் தந்தையின் கையில் விலங்கு. “யாராச்சும் பாத்தீங்களா?” என்று கணக்கெழுதும் கிராணி கேட்டார். தலை நிமிர்ந்தவர் ஒருவரில்லை.

“நான் பாத்தேன் தொரை.”

கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார்! கண்டதைக் கண்டபடி சொன்னார் வள்ளிநாயகி. சொல்லிவிட்டு, “மன்னிச்சிருங்க மாமா” என்று அழுதார்.

சன்னாசி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். பிறகு, “ஆமா தொரை. அடுப்புக் கதவ மூட மறந்துபுட்டேன். பயத்துல அவன் பேரச் சொல்லிட்டேன்” என்றார். விலங்கு கழன்றது. மாமனுக்கு மண்டோர் வேலை போனது. பால் வெட்டப் போனார். மருமகளிடம் முகம் கொடுக்கவில்லை, வள்ளிநாயகியின் திருமணம் வரை. அன்று மணவறைக்கு வந்து மாலை எடுத்துக் கொடுத்தவர் அந்த மாமன்தான்!

கைதட்டுங்கள், தடையில்லை. ஆனால் இன்னும் இருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தின் வீடியோ கேசட் எங்கள் வீட்டுக்கு வந்தது. வள்ளிநாயகி அம்மாவையும் அழைத்திருந்தோம். கூண்டில் ஏறுகிறான் ஓட்டுநர். வாயைத் திறக்கிறான். “நான் எதையும் பார்க்கவில்லை” என்கிறான்! கொலைகாரன் மாலையோடு பதவியேற்கிறான். படம் முடிகிறது.

வள்ளிநாயகி அம்மா துள்ளி எழுந்தார். “அடப்பாவி! பாக்கலன்னுட்டானே! இவன நம்பித்தான லா நான் வாயத் தொறந்தேன்!”

என் தந்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நல்ல வேள தங்கச்சி, அன்னிக்கி மழ பேஞ்சிச்சு!”

அன்பர்களே! அந்தப் படம் இன்றும் ஏன் வாழ்கிறது? அஞ்சியவனைக் காட்டியதாலா? அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டதால் அல்லவா! அந்தக் கேள்விக்கு விமர்சகர்கள் விடை எழுதினார்கள். மேடைகள் விடை முழங்கின. வெட்டுக்காட்டிலிருந்து வந்த ஒருத்தி விடையாகவே நின்றாள்! ஓட்டுநர் விழுங்கிய சொல்லை ஒரு தோட்டத்துப் பெண் உரக்கச் சொன்னாள்!

அதோ, மூன்றாவது நாற்காலி. அம்மா, எழுந்து நில்லுங்கள். என்ன, மாட்டீர்களா? “வெக்கமா இருக்கு, விடு புள்ள” என்கிறார்கள். சரி, அவர்கள் அமர்ந்தே இருக்கட்டும். நாம் எழுந்து நிற்போம்!

செவி கொடுத்த உங்களுக்கும், சிறைக்குப் போகாமல் என் தந்தையை எனக்குக் காத்துத் தந்த அந்தத் தாய்க்கும் என் நெஞ்சின் நன்றியைப் படைத்து விடைபெறுகிறேன். வாழ்க நீங்கள்! வணக்கம்!