வாங்க சார், உக்காருங்க சார்

"ஒரு வாரமா யாரையும் திட்டலடி, யாவாரம் படுத்துக்கிச்சி."

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரும் பேருந்தில், முன் இருக்கை அக்கா இப்படிச் சொன்னார். மடியில் முட்டைக்கோஸ் பை. கொருக்குப்பேட்டையில் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஏன் திட்டல?" என்றார் பக்கத்தில் இருந்த தோழி.

"மருமகதான். 'அத்தே, கடைய ரீல்ஸ்ல போட்டுகினு கீறேன், இனிமே எல்லாரையும் வாங்க சார், உக்காருங்க சார்னு கூப்புடுங்க, அதான் பிராண்டு'ன்னா. கூப்ட்டேன். டெய்லி வர்ற லோடுமேன் பசங்க, 'இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?'ன்னு கேட்டுட்டு எதிர்க்கடைக்குப் பூட்டானுங்க."

"பின்ன? நூடுல்ஸு அங்கியும்தான் கீது. திட்டு உங்கிட்டதானே கெடைக்கும்!"

"மருமக கோச்சிக்குவாளே?"

"நாளைக்கே கல்லா ரொம்பட்டும், அவளே நீ திட்றத ரீல்ஸ் போடுவா."

அப்போது அக்காவின் போன் அடித்தது. கடை உண்டா என்று யாரோ கேட்டார்கள் போலிருக்கிறது. அக்கா தோழியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கட இல்லாம கடல்லயா குந்திகினு இருப்பேன், சோமாறி? ஏழு மணிக்கி வந்து துன்னு. லேட்டா வந்தே, வெறும் தட்டத்தான் நக்கணும்!"

போனை வைத்தவரின் முகம் மலர்ந்திருந்தது.

"சிரிக்கிறாண்டி. இன்னும் நாலு பேர இட்டுகினு வரானாம்."