பானைத் தோப்பில் பட்டுக்குடை

பொழுது சாயும் நேரம். கோகோ மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை... அது போய் முடிகிற இடம் பானைத் தோப்பு. அரச குடும்பத்தில் செத்தவர்களுக்குப் பானைபோல் சுட்ட மண் தலை வைப்பது அங்கேதான். காரியமில்லாமல் யாரும் அங்கே போகமாட்டார்கள். என் கூட்டாளி ஓடுரோவின் தாய்மாமன் அசாரே அன்றைக்குப் போனார். அரசனுக்குக் குடை பிடிப்பவர் அவர். அரசன் போகிற இடமெல்லாம் போயாக வேண்டும்.

அரசன் பெயர் அடோமாகோ. அரசன் என்று வாய் நிறையச் சொல்ல எனக்கு வரவில்லை. அரசனைத் தேர்ந்தெடுக்கிற ராஜமாதா தான்சோவா உயிரோடிருந்தவரை அவனை ஆசனத்தின் பக்கமே விடவில்லை. அவள் கண்ணை மூடினாள். இவன் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் முதல் வேலையாக அசாரேயை மேலும் கீழும் பார்த்து, எனக்கென்று இந்தக் கிழட்டுக் கொக்குதான் கிடைத்ததா என்று கேட்டானாம்.

அன்றைக்கு அவளுடைய தலையைத் தோப்பில் வைக்கும் சடங்கு. செத்தவளின் சாயலில் குயவர் வீட்டுப் பெண் செய்து சுட்ட மண் தலை. மடிப்பு மடிப்பாக நீண்ட கழுத்து. பாதி மூடிய கண்கள். தோப்பின் நடுவில் பழைய அரசர்களின் தலைகள். அவர்களைச் சுற்றிக் கீழே, மறு உலகில் ஏவல் செய்ய வேலைக்காரர்களின் சின்னத் தலைகள். தான்சோவாவை நடுவில் வைத்தார்கள். முன்னால் செம்பனை எண்ணெய் விட்டுப் பிசைந்த கிழங்கு. அதன்மேல் அவித்த முட்டை.

அடோமாகோ குனிந்து அந்த முகத்தைப் பார்த்தான். "உசுரோட இருந்தப்ப வாய மூடல. சுட்டதும் அடங்கிட்டா பாரு," என்றான். முட்டையை எடுத்து வாயில் போட்டு மென்றான்.

அவன் மெல்லுகிற சத்தம் மட்டும்... சளக், சளக்.

சில நாள் கழித்து, படையல் வைக்கப் போன அசாரே பாதி வழியிலேயே நின்றுவிட்டார். வாடை. அப்போதுதான் பிசைந்த களிமண் வாடை. போய்ப் பார்த்தால், வேலைக்காரர் வரிசையில், கடைசியாக, ஒரு புதுத் தலை. சுடாத பச்சை மண். ஈரம் மினுங்கியது. தடித்த கீழுதடு. புருவத்தில் வெட்டுத் தழும்பு... அடோமாகோ.

குயவர் வீட்டுப் பெண்ணை இழுத்து வந்து விசாரித்தார்கள். உயிரோடு இருக்கிறவருக்குத் தலை செய்கிற வழக்கம் தன் குடும்பத்திலேயே கிடையாது என்று அவள் சத்தியம் செய்தாள். அசாரே தனியே அரசனிடம் சொல்லிப் பார்த்தார். ஓர் ஆட்டை வெட்டி, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றார்.

அடோமாகோ காறித் துப்பினான். "பச்சை மண்ணுடா அது. ஒரு மழைக்குத் தாங்காது. கரையட்டும்."

மழை வந்தது. பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. வெயிலுக்குப் பிடிக்கிற பட்டுக்குடை நனையாமல் இருக்கிறதா என்று பார்க்க அசாரே அரண்மனைக்கு ஓடினார். குடை இல்லை. அரசனும் இல்லை. வாசற்படியில் அவனுடைய செருப்பு மட்டும். அரசன் வெறுங்கால் மண்ணில் படக்கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சேற்றில் வெறுங்கால் தடம் தோப்புப் பாதையில் போயிருந்தது.

தோப்பில் அடோமாகோ நின்றிருந்தான். குடையை இரண்டு கையாலும் ஏந்தி, தான்சோவாவின் தலைக்கு மேல் பிடித்திருந்தான். சுட்ட தலையை மழை என்ன செய்துவிடும்? பக்கத்தில் அவனுடைய பச்சை மண் தலை நனைந்துகொண்டிருந்தது. மூக்கு வழிந்து உதட்டில் இறங்கியிருந்தது. குடையை ஒரு முழம் நகர்த்தினால் போதும்... நகர்த்தவில்லை.

அசாரே அவன் மணிக்கட்டைப் பார்த்தார். குடை மெல்ல ஏறி இறங்கியது, பாதி சுழன்று திரும்பியது. முரசுக்கு ஏற்றபடி குடைக்காரர்கள் ஆட்டுகிற ஆட்டம். அது கைக்கு வர அசாரேவுக்கு வருஷக்கணக்கு ஆயிற்று. இவனிடம் ஒரு பிசகு இல்லை. அங்கே முரசும் இல்லை.

"ராஜா... குடைய என்கிட்ட குடுங்க."

அடோமாகோ திரும்பவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "சத்தம் போடாதே. அவங்க பேசிட்டிருக்காங்க."

மழை விட்டபிறகுதான் தூக்கி வர முடிந்தது. கால் மண்ணில் பட்டவனுக்கு ஆசனம் ஏது? வேறொருவரை உட்கார வைத்தார்கள். அடோமாகோ சாகவில்லை. போட்டதைத் தின்பான். யார் வந்தாலும், கோழி விரட்டுகிற சிறுமி வந்தாலும், எழுந்து சுவரோரம் நிற்பான். உட்காரச் சொன்னால்தான் உட்காருவான்.

அவனுடைய மண் தலை கரைந்து மேடாகிவிட்டது. அடுத்த படையலுக்குப் போன அசாரே அந்த மேட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் பார்த்தார். பச்சை மண். கழுத்து எழுப்பியாகிவிட்டது. காது இரண்டும் வைத்தாயிற்று. முகம் மட்டும் இன்னும் இல்லை...

தொட்டுப் பார்த்தாராம். பிசைந்த கையின் சூடு இன்னும் ஆறவில்லையாம்.