மாப்பிள்ளையைப் பத்தி நாலு வார்த்தை

— இடது கண்ணைக் கையால மூடிக்கோங்க. இப்ப மூணாவது வரியைப் படிங்க.

— அது இருக்கட்டும். முதல்ல உங்க பேச்சை நீங்க படிங்க தம்பி.

— எந்தப் பேச்சு?

— ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி கல்யாண வரவேற்புல, மாப்பிள்ளையோட சிநேகிதன்னு மைக்கைப் பிடிக்கப் போறீங்களே, அந்தப் பேச்சு.

— அடடா. நீங்கதான் அந்த அக்காவா? கண்ணு செக் பண்ணணும்னு சொல்லித்தானே உக்காந்தீங்க.

— கண்ணும் செக் பண்ணணும். ஒரே அலைச்சல்ல ரெண்டு வேலையும் முடிஞ்சிடும்.

— எல்லாரும் சொல்லிட்டுத்தான் இருந்தாங்க, அக்கா வருவாங்க, அக்கா வருவாங்கன்னு. இப்படி டோக்கன் வாங்கிக்கிட்டு வருவீங்கன்னு நினைக்கலை.

— எல்லாரும்னா யாரு?

— உங்க தங்கச்சி. அப்புறம் நம்ம மாப்பிள்ளை.

— ஓஹோ. ரெண்டு பேரும் உக்காந்து என்னைப் பத்திப் பேசுறாங்க. சரி, பேச்சு எங்க?

— சட்டைப் பையில இருக்கு. அதுல ஒண்ணும் இல்லக்கா. முன்னாடி பின்னாடி வாழ்த்து, நடுவுல நாலு ஜோக்கு.

— அந்த நாலுதான் எனக்கு வேணும்.

— வாழ்த்தைக் கேக்கலையா?

— வாழ்த்துல எவன் தம்பி உண்மையைச் சொல்றான்? ஜோக்குலதான் வாய் தவறி வெளிய வரும். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில க்ளெய்ம் செக் பண்றவ. வண்டி தானா போய் மரத்துல மோதிச்சு, ஃபேக்டரி தானா பத்திக்கிச்சுன்னு தினம் ஆள் ஆளா வந்து கதை சொல்வாங்க. ஆளைப் பாத்தவுடனே தெரிஞ்சிடும், பொய்யா நிஜமான்னு. என் கண்ணுல எதுவும் தப்பாது.

— அப்ப இந்த டெஸ்டே வேண்டாமே.

— படிங்க தம்பி.

— சரி. 'மாப்பிள்ளைக்கு எப்ப போன் பண்ணினாலும், வந்துக்கிட்டே இருக்கேன், பாதி வழியில இருக்கேன்னுதான் சொல்வான். பின்னாடி பக்கெட்டுல தண்ணி விழுற சத்தம் கேக்கும்.' இந்த இடத்துல எல்லாரும் சிரிப்பாங்க.

— யார் வீட்டு பக்கெட்டு?

— என்னது?

— குளிக்கிறாரு, சரி. யார் வீட்டுல குளிக்கிறாரு? தன் வீட்டுல குளிக்கிறவன் குளிக்கிறேன்னு சொல்லிட்டுப் போறான். எதுக்கு மறைக்கணும்?

— அக்கா, சும்மா சிரிப்புக்கு எழுதினது. அப்படி நடக்கவே இல்லை.

— நடக்காததை ஏன் எழுதினீங்க?

— இது இருக்கட்டும், அடுத்தது கேளுங்க. 'இவன் சொன்ன நேரத்துக்கு வந்துட்டான்னா, கடிகாரம் ரிப்பேர்னு அர்த்தம்.'

— எங்க வீட்டுக்கு வந்தப்ப எல்லாம் அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து வாசல்ல நிப்பாரு. நானே பாத்திருக்கேன். அப்ப லேட்டா போறது எந்த வீட்டுக்கு?

— எந்த வீட்டுக்கும் இல்ல.

— எங்கயுமே லேட்டா போகாதவரைப் பாத்து லேட்டுங்கறீங்க. ஒண்ணு நீங்க பொய் சொல்றீங்க, இல்ல அவரு சொல்றாரு. சரி, மேல போங்க.

— வலது கண்ணை மூடிக்கோங்க. லென்ஸ் மாத்துறேன். இது தெளிவா, இது தெளிவா?

— ரெண்டாவது. நீங்க பேச்சை மாத்துறது அதை விடத் தெளிவாத் தெரியுது.

— மூணாவது ஜோக்கு. 'ஒரு ஸ்க்ரூ வாங்கக் கூட மூணு கடை ஏறி இறங்குறவன், பொண்ணு விஷயத்துல மட்டும் முதல் கடையிலயே நின்னுட்டான்.'

— எங்க வீடு உங்களுக்குக் கடையா?

— இல்லக்கா, அது ஒரு பேச்சுக்கு.

— மூணு கடை ஏறுற ஆளு திடீர்னு ஒரு கடையில நிக்கிறாருன்னா, மத்த ரெண்டு கடையில என்ன ஆச்சு? துரத்தி விட்டாங்களா?

— அடிச்சிட்டேன். இதோ பாருங்க, பேனாவால அடிச்சிட்டேன். போதுமா?

— அடிச்சிட்டா நான் கேட்டது கேக்காம போயிடுமா? நாலாவது.

— நாலாவதை நானே அடிச்சிடுறேன்.

— படிச்சிட்டு அடிங்க.

— 'மாப்பிள்ளை ராத்திரி ஷூவைக் கழட்டாமத்தான் தூங்குவான்.'

— எதுக்கு? யாரைக் கண்டு ஓடுறதுக்கு?

— தெரியும், இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். அக்கா, நிஜத்தைச் சொல்லிடுறேன். ஷூ போட்டுக்கிட்டுத் தூங்குறது என் மச்சான். தீயணைப்பு வண்டி ஓட்டுறாரு. பக்கெட்டுத் தண்ணி, எங்க அண்ணன். லேட்டா வர்றது நானு. ஊர்ல இருக்கற கோளாறையெல்லாம் பொறுக்கி அவன் தலையில கட்டி வச்சிருக்கேன்.

— ஏன்?

— அவனைப் பத்தி உள்ளதைச் சொன்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. அவ்வளவு சப்புன்னு ஒரு மனுஷன். ஏசி ரிப்பேர் பண்ணுவான், சாப்பிடுவான், தூங்குவான். அவ்வளவுதான்.

— அப்படி ஒருத்தன் கிடையாது தம்பி. ஒண்ணுமே இல்லைங்கற ஆளுகிட்டதான் எல்லாம் இருக்கும்.

— நானும் தேடிப் பாத்துட்டேன்க்கா. ஒருதடவை ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போனோம். பயங்கரமான படம், தியேட்டரே கத்துது. இவன் மட்டும் மேல அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தான். வெளிய வந்து படம் எப்படிடான்னு கேட்டா, 'மூணாவது ஏசியில ஃபேன் உரசுதுடா, பாவம், ரொம்ப நாள் தாங்காது'ங்கறான். சொல்லிட்டு மேனேஜரைத் தேடிப் போயிட்டான். நான் பார்க்கிங்ல ஒரு மணி நேரம் நின்னேன். இதை மேடையில சொல்ல முடியுமா?

— ம்.

— சிரிக்கிறீங்களா?

— சிரிக்கலை. தொண்டையில என்னமோ.

— சிரிச்சீங்கக்கா. லென்ஸ் ஆடிச்சு.

— அதை எழுதுங்க. மத்த நாலையும் அடிங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. வாழ்த்திட்டு இறங்க வேண்டியதுதானே. சிரிக்க வச்சே ஆகணும்னு இந்தப் பாடு எதுக்கு?

— ஒருத்தரை எப்படியாவது சிரிக்க வைக்கணும். அதான்.

— யாரை?

— பொதுவா சொன்னேன்.

— ஒருத்தரைன்னு சொல்லிட்டு அப்புறம் பொதுவாங்கறீங்க.

— அக்கா, கோச்சுக்காதீங்க. நானும் ஒண்ணு கேக்கறேன். ஜோக்குன்னா உங்களுக்கு என்ன அவ்வளவு ஆகாது?

— என் கல்யாணத்துலயும் ஒருத்தர் மைக்கைப் பிடிச்சாரு தம்பி. உங்களை மாதிரிதான், மாப்பிள்ளைக்கு உயிர் சிநேகிதன். 'இவன் வேலையா வெளியூர் போனா ரெண்டு பையோட போவான். ஒண்ணுல துணி, ஒண்ணுல பொம்மை. கல்யாணம் ஆகாத பயலுக்குப் பொம்மை எதுக்குன்னு கேட்டா வெக்கப்படுவான், இன்னும் குழந்தை மனசு'ன்னு சொன்னாரு. மண்டபமே சிரிச்சுது. எல்லாரையும் விட நான்தான் ஜாஸ்தியா சிரிச்சேன். போட்டோவில இருக்கு, வாயெல்லாம் பல்லா.

— அப்புறம்?

— அந்தப் பொம்மையை வச்சு விளையாடின பையனை நானே போய்ப் பாத்தேன். அப்பா ஜாடை அப்படியே. என் பாப்பா அப்ப வயித்துல இருந்தா.

— எனக்குத் தெரியாதுக்கா. மன்னிச்சிடுங்க.

— நீங்க என்ன பண்ணுவீங்க. அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். கேக்கலை, சிரிச்சேன். அதான் இப்ப கேட்டுக்கிட்டே இருக்கேன். சின்னவளை நான் வளர்த்தேன் தம்பி. எங்க அம்மா போனப்ப அவளுக்கு எட்டு வயசு. அவளும் என்னை மாதிரி இன்னொரு வீட்டு வாசல்ல போய் நிக்கறதைப் பாக்க எனக்கு உடம்புல தெம்பு இல்லை.

— இவன் அப்படிப்பட்டவன் இல்ல.

— என் புருஷனைப் பத்தியும் இப்படித்தான் சொன்னாங்க. போன மாசம் எங்க வீட்டுல ஏசி மாட்டிக் குடுத்தாரு உங்க சிநேகிதரு. வேலை முடிஞ்சும் கிளம்பலை. பாப்பாகிட்ட ஒரே குசுகுசு. அவளை நாற்காலியில ஏத்தறதும் இறக்கறதும். என்னடி பேசினீங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. அவரும் ஒண்ணுமில்லைங்கறாரு. ஒண்ணுமில்லாததை எதுக்குக் காதுல சொல்லணும்?

— பாப்பாவையுமா அக்கா சந்தேகப்படுவீங்க?

— அவளை நம்பி ஏமாந்துட்டேன் தம்பி. ஸ்கூல்ல கூப்பிட்டு விட்டாங்க. கிளாஸ்ல எதை எழுதச் சொன்னாலும் பக்கத்துப் பிள்ளை நோட்டை எட்டிப் பாத்துத்தான் எழுதுறாளாம். ஏண்டின்னு கேட்டா வாயே திறக்கலை. மூணாம் கிளாஸ்லயே திருட்டுப் புத்தி. அப்பன் ரத்தம் எங்க போகும்? முட்டி போட வச்சேன். போட்டுத்தான் ஆகணும். இப்ப விட்டா நாளைக்கு ரெண்டு பை தூக்குவா.

— சரிக்கா. நிமிந்து உக்காருங்க. உங்களுக்குத் தூரத்துப் பார்வைக்கு லேசா பவர் வேணும். இந்த லென்ஸ்ல சரியா இருக்கும். சும்மா சுத்தி ஒரு பார்வை பாருங்க.

— அடேயப்பா. எல்லாம் வெட்டி எடுத்து வச்ச மாதிரி தெரியுது. அந்த அலமாரியில பெட்டி மேல எழுதினது கூடத் தெரியுதே.

— எந்த அலமாரி?

— உங்களுக்குப் பின்னாடி. 'ஏசி மெக்கானிக், ஞாயிறு'ன்னு எழுதியிருக்கு. நம்ம மாப்பிள்ளையா?

— ஆமாக்கா. அவனோட கண்ணாடி. டெலிவரிக்கு வச்சிருக்கு. நாம இந்தப் பக்கம் பாப்போம்.

— ரெண்டு பெட்டி இருக்கு. ரெண்டுலயும் அதையே எழுதியிருக்கு. ஒண்ணு சின்னது.

— அக்கா, எந்திரிக்காதீங்க. டெஸ்ட் முடியலை. அதைத் தொடாதீங்க.

— தொட்டாச்சு. சிவப்பு ஃப்ரேம். கம்பி நுனியில பூனை மூஞ்சி. மாப்பிள்ளைக்கு இவ்வளவு சின்ன மூக்கா தம்பி?

— அதைக் குடுத்துடுங்கக்கா.

— யாரோட பிள்ளைக்கு இது?

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

— அவனுக்குப் பொம்மை. இவனுக்குக் கண்ணாடி. சப்புன்னு ஒரு மனுஷன்னீங்களே. நானும் சிரிச்சேனே இப்ப. மறுபடியும் ஒருத்தன் ஜோக்கைக் கேட்டுச் சிரிச்சிட்டேனே.

— போனை எடுக்காதீங்கக்கா.

— சின்னவளுக்குச் சொல்லப் போறேன். ஞாயித்துக்கிழமை கல்யாணம் இல்லை.

— அவங்களுக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— அந்தப் பிள்ளையைத் தெரியும். அவங்கதான் போன வாரம் கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்தாங்க. நீங்க உக்காந்திருந்த நாற்காலியிலதான் உக்கார வச்சோம். கால் எட்டலை, கீழ ஸ்டூல் போட்டேன். முதல் வரியைத் தாண்டலைக்கா அந்தப் பிள்ளை. பெரிய எழுத்தையே தடவித் தடவிச் சொல்லிச்சு.

— தெரிஞ்சேவா கட்டிக்கிறா? நான் வளர்த்த பொண்ணா? அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லையா?

— இருக்காங்க.

— அவளுக்கு இது தெரியுமா?

— தெரியாது. தெரியக் கூடாதுன்னு பிள்ளை அழுதுச்சு. அதுக்குத்தான் இந்தப் பேச்சு, ஜோக்கு எல்லாம். அந்தப் பிள்ளைதான் யோசனை சொல்லிச்சு. 'அம்மா சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது மேடையில வச்சுக் குடுத்துடுங்க, எல்லாரும் பாக்கறப்ப திட்ட மாட்டாங்க'ன்னு. ஒருத்தரைச் சிரிக்க வைக்கணும்னு சொன்னேன்ல, அவங்களைத்தான்.

— அவளும் கல்யாணத்துக்கு வர்றாளா?

— முதல் வரிசையில இருப்பாங்க.

— வரட்டும். நானும் பாக்கறேன். பெத்த பிள்ளைக்குக் கண்ணு தெரியலைங்கறது கூடத் தெரியாம ஒரு வீட்டுல இருந்திருக்காளே, எப்பேர்ப்பட்ட அம்மா அவ. கூடவே இருந்து என்னத்தைப் பாத்தாளாம்?

— பாத்தது நம்ம ஆளுதான்க்கா. ஏசி மாட்டிட்டு, மேல என்ன நம்பர் காட்டுதுன்னு பிள்ளைகிட்ட கேட்டிருக்கான். அது நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கிட்ட போய்ப் பாத்துத்தான் சொல்லிச்சாம்.

— எந்த வீட்டு ஏசி?

— அக்கா, உக்காருங்க.

— எந்த வீட்டு ஏசின்னு கேக்கறேன்.

— 'போர்டுல எழுதினது தெரியலைன்னு சொன்னா, அதுவும் பொய்தான்னு அம்மா முட்டி போட வைப்பாங்க சித்தப்பா, சொல்லிடாதீங்க'ன்னு அவன் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினது உங்க பாப்பாதான்க்கா.